வெண்பனியின் சாட்சிகள்

கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கும்போது குடில் கட்டுவோர் அதன் கூரைமேல் வெள்ளைப் பஞ்சைப் பிய்த்துப் பரப்புவதை நாம் கண்டிருக்கிறோம். வெண்பனியைக் கண்ணால் கண்டிராத நாம் அதன் தோற்றத்தை எங்கிருந்து கற்றோம்? அஞ்சலில் வந்த வாழ்த்து அட்டைகளிலிருந்தும், சுவரில் தொங்கிய நாட்காட்டிகளிலிருந்தும்தான். தமிழில் பனி என்றவுடன் நினைவுக்கு வருவது மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் ஈரம். மலையையும் கடலையும் மூடி உறைந்து கிடக்கும் பனியை நம்மில் பெரும்பாலோர்க்கு அறிமுகம் செய்தவை நிழற்படங்களே. அப்படங்களை முதன்முதலில் எடுத்தவர்கள் எப்படி எடுத்தார்கள், அதற்கு என்ன விலை கொடுத்தார்கள், அவர்கள் நினைத்தே பார்த்திராத எந்தப் பணிக்கு அப்படங்கள் இன்று அழைக்கப்பட்டிருக்கின்றன என்பன தனித்த ஒரு வரலாறு.

நிழற்படக் கலை 1839-ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அக்கலையைப் பனியைப்போல் ஏமாற்றிய பொருள் வேறில்லை. தொடக்க காலத் தகடுகள் நீல ஒளியையே மிகுதியாக உணர்ந்தன. அதனால் நீல வானம் படத்தில் வெள்ளையாகப் பதிந்தது. வெண்பனியும் வெள்ளை, வானும் வெள்ளை. மலை எங்கே முடிகிறது, விண் எங்கே தொடங்குகிறது என்பதே தெரியாமற் போயிற்று. பனியின் ஒளிக்கு ஏற்பத் தகட்டைத் திறந்தால் பாறைகள் கரியாயின. பாறைக்கு ஏற்பத் திறந்தால் பனி வெறுந்தாளாயிற்று. பனிக்கு உருவம் தருவது அதன்மேல் விழும் நிழல்தான். நிழல் நீளும் காலையிலும் மாலையிலும் சிகரத்தருகே நிற்க வேண்டுமானால் இரவை மலைமீதே கழித்தாக வேண்டும். இன்றைய காமிராக்களின் ஒளியளவியும் கவனியாது விட்டால் பனியைச் சாம்பல் நிறமாக்கிவிடும். அதற்கென ஒளியைச் சற்றுக் கூட்டித் தர வேண்டும் என்பதைப் பனிநாடுகளுக்குச் செல்லும் நம்மவர் முதல் நாளிலேயே கற்றுக்கொள்கின்றனர்.

ஐரோப்பாவின் மோன் பிளாங் சிகரத்தின் உயரம் ஏறத்தாழ 4,806 மீட்டர். அதன் உச்சிக்குக் காமிராவை முதன்முதலில் கொண்டு சென்றவர் பாரிஸ் நகரத்து பிசோன் சகோதரருள் இளையவரான ஒகுஸ்த் ரொசாலி பிசோன். முந்தைய முயற்சிகள் வானிலையால் முறிந்தன. 1861 ஜூலையில், 25 சுமையாளர்களுடன், ஒகுஸ்த் பால்மா என்னும் வழிகாட்டியின் துணையுடன் அவர் உச்சியை அடைந்தார். அக்காலத்து முறை ஈரத்தகட்டு முறை. கண்ணாடித் தகட்டின்மேல் கொலோடியன் என்னும் பசையைப் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து, அது உலருமுன் படமெடுத்து, உடனே இருட்டறையில் உருத்துலக்கிக் கழுவ வேண்டும். உச்சியில் இருட்டறை என்பது காற்றில் படபடக்கும் ஒரு கூடாரம். கழுவுவதற்கான நீர் விளக்குத் தீயில் உருக்கிய பனி. இவ்வளவு பாடுபட்டும் உச்சியில் அவருக்குக் கிடைத்தவை மூன்று படங்களே.

அதற்கு ஐந்தாண்டுகளுக்குப் பின் இமயத்தில் அதே ஈரத்தகடுகளோடு அலைந்தவர் சாமுவேல் போர்ன். இங்கிலாந்தில் வங்கி ஊழியராக இருந்து, அப்பணியை விட்டு 1863-இல் இந்தியாவுக்கு வந்தவர். நீலகிரியையும் பிற்பாடு படமெடுத்தார். கல்கத்தாவில் அவர் பெயரைத் தாங்கிய படக்கூடம் 2016 வரை நடைபெற்றது. 1866-இல் ஸ்பிதி, கின்னோர் பகுதிகளுக்கு இடைப்பட்ட மணிரங் கணவாயில், 18,600 அடி உயரத்தில், அவர் படமெடுத்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அதைவிட உயரத்தில் யாரும் காமிராவைத் திறக்கவில்லை. அதே பயணத்தில் கங்கை பிறக்கும் கோமுகத்துப் பனியாற்றையும் அவர் பதிவு செய்தார். லண்டனில் வெளிவந்த நிழற்பட இதழொன்றுக்கு அவர் எழுதியனுப்பிய பயணக் கட்டுரைகளைப் படிப்போர்க்கு இரண்டு செய்திகள் புலப்படும். ஒன்று, மலையழகின்முன் அவர் கொண்ட உண்மையான வியப்பு. மற்றொன்று, சுமைதூக்க மறுத்து ஓடிய கூலிகள்மேல் அவர் கொட்டிய சினம். கண்ணாடிப் பெட்டிகளையும் நச்சு நீர்மங்களையும் முதுகில் ஏற்றிக்கொண்டு உறைபனியில் நடந்த அம்மனிதர்கள் ஏன் ஓடினார்கள் என்பதை அவர்கள் தரப்பிலிருந்து எழுதிவைக்க ஆளில்லை. போர்னின் பெயர் நமக்குத் தெரிகிறது. அவர்களுள் ஒருவர் பெயரும் படத்தின் அடியில் இல்லை. பனிப்படங்களின் வரலாறு நெடுகிலும் இந்தக் குறை தொடர்கிறது.

மலைப்பனியைப் படமாக்கியோருள் முதலிடத்துக்கு உரியவர் என்று நான் கருதுவது விட்டோரியோ செல்லா என்னும் இத்தாலியரை. ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் கம்பளி நெசவுக்குப் பெயர்பெற்ற பியெல்லா நகரில் 1859-இல் பிறந்தார். அவர் தந்தை 1856-இலேயே நிழற்படக் கலைபற்றி இத்தாலிய மொழியில் நூல் எழுதியவர். சிற்றப்பா குவின்டினோ செல்லா இத்தாலிய ஆல்ப்ஸ் சங்கத்தை 1863-இல் நிறுவியவர். இரண்டும் சேர்ந்த இடத்தில் வளர்ந்த பிள்ளை மலையேறும் நிழற்படக்காரராக ஆனதில் வியப்பில்லை. 1882 மார்ச்சில், குளிர்காலம் முடியுமுன், மேட்டர்ஹார்ன் சிகரத்தைக் கடந்த முதல் மனிதர் அவரே. காரல் குடும்பத்து வழிகாட்டிகள் உடன் சென்றனர்.

செல்லா ஆல்ப்ஸில் பயன்படுத்திய காமிரா 30 செ.மீ. அகலமும் 40 செ.மீ. நீளமும் கொண்ட தகடுகளை ஏற்பது. காமிரா மட்டும் 18 கிலோ எடை. ஒவ்வொரு தகடும் ஏறத்தாழ ஒரு கிலோ. அப்போது உலர்தகடுகள் வந்துவிட்டதால் மலைமேல் இருட்டறை தேவைப்படவில்லை. ஆயினும் சிறிய தகட்டில் எடுத்துப் பின்னர் பெரிதாக்கிக்கொள்ளும் எளிய வழியை அவர் நாடவில்லை. பனியின் மெல்லிய மடிப்பும், பாறையில் ஓடும் விரிசலும், தொலைவிலுள்ள பனியாற்றின் வரிகளும் ஒரே தகட்டில் துல்லியமாக விழ வேண்டும் என்பது அவர் பிடிவாதம். ஓர் இடத்திலிருந்து வரிசையாகப் பல தகடுகளை எடுத்து ஒட்டி, கண்ணெட்டும் தொடுவானம் முழுவதையும் ஒரே நீண்ட காட்சியாக்குவதில் அவர் வல்லவர். மேகம் விலகும்வரை, நிழல் சரியான இடத்துக்கு வரும்வரை காத்திருப்பார். காத்திருத்தலே அவருடைய கலையில் பெரும்பகுதி எனலாம்.

காக்கசஸ் மலைகளுக்கு மூன்று முறை, 1897-இல் அலாஸ்காவின் செயின்ட் இலையாஸ் சிகரத்துக்கு, 1906-இல் ஆப்பிரிக்காவின் ரூவென்சோரி மலைகளுக்கு என அவர் பயணங்கள் நீண்டன. நமக்கு நெருக்கமானது 1899-இல் நடந்தது. ஆங்கிலேயரான டக்ளஸ் ஃபிரெஷ்ஃபீல்டின் குழுவோடு டார்ஜீலிங்கிலிருந்து புறப்பட்டுக் கஞ்சன்ஜங்கா மலைத்தொகுதியை முழுவதுமாகச் சுற்றி வந்தார். செப்டம்பர் இறுதியில் பெரும்புயல் ஒன்று வீசியது. டார்ஜீலிங்கில் அது மண்சரிவுகளை உண்டாக்கிப் பலரின் உயிரைக் குடித்தது. மலைமேல் அதே மழை வெண்பனியாகக் கொட்டியது. வழியெல்லாம் மூடிப்போயிற்று. மலையேறுவோர்க்குப் பெருந்தடையான அந்தப் பனி செல்லாவுக்குக் கொடையாயிற்று. புதுப்பனி போர்த்திய ஜன்னு சிகரத்தையும், சிக்கிமின் சினியோல்ச்சு சிகரத்தையும் அவர் எடுத்த படங்கள் இன்றளவும் மலைநூல்களில் இடம்பெறுகின்றன. ஒரே மேகம் கீழே சாவையும் மேலே அழகையும் பொழிந்தது என்பதை அந்தப் படங்களைப் பார்க்கும்போது மறக்க இயலவில்லை.

1909-இல் அப்ரூஸ்ஸி கோமகனின் குழுவோடு காரகோரம் மலைகளுக்குச் சென்று, உலகின் இரண்டாவது உயரமான கே-2 சிகரத்தையும் பால்டோரோ பனியாற்றையும் படமெடுத்தார். இங்கும் தகடுகளைச் சுமந்தவர்கள் அவ்வூர்ப் பால்டி மக்களே. அமெரிக்க நிழற்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1946-இல் செல்லாவைப் போற்றித் தனிக்கட்டுரை எழுதினார். ஆடம்ஸும் பனியோடு போராடியவர். 1927 ஏப்ரலில், கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் ஹாஃப் டோம் பாறைமுன் நின்றபோது அவர் கையில் இரண்டே தகடுகள் எஞ்சியிருந்தன. ஒன்றை மஞ்சள் கண்ணாடி வைத்து எடுத்தார். கண்முன் உணர்ந்த மாட்சி அதில் வராது என்று தோன்ற, கடைசித் தகட்டை அடர்சிவப்புக் கண்ணாடி வைத்து எடுத்தார். வானம் ஏறத்தாழக் கருமையாகி, பாறையும் பனியும் அதன்முன் எழுந்து நின்றன. வெள்ளை வானத்தின் தொல்லைக்கு அறுபது ஆண்டுகளுக்குப்பின் கிடைத்த விடை அது.

இங்கே நம் வாசகர்க்கு ஒரு செய்தி. பியெல்லாவுக்கு வடக்கே உயர்ந்து நிற்கும் மோன்டே ரோசா மலையைச் செல்லா பலமுறை படமெடுத்தார். அதே மலையின் கிழக்கு முகத்தில் 1889-இல் ஏறி, ஒரு பாறை விளிம்பில் இரவைக் கழித்து, உச்சியை அடைந்தவர் அக்கில்லே ராத்தி என்னும் மிலான் குரு. பின்னர் 1922-இல் அவரே 11-ஆம் பத்திநாதராகத் திருத்தந்தை ஆனார். அடுத்த ஆண்டே, ஆல்ப்ஸ் கணவாயில் வழிப்போக்கர்க்கு அடைக்கலம் கட்டிய புனித பெர்நார்தை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தார். பனியின் நெருக்கத்தை அறிந்த ஒருவரின் அறிவிப்பு அது.

பெருமலைகளை விட்டு ஒரு பனித்துகளுக்கு இறங்குவோம். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், விவிலியத்தின் எரிக்கோவின் பெயரையே தாங்கிய ஜெரிக்கோ என்னும் ஊரில் வாழ்ந்த உழவர் வில்சன் பென்ட்லி. நுண்ணோக்கியோடு காமிராவை இணைத்து, 1885 ஜனவரி 15-ஆம் நாள், தம் பத்தொன்பதாம் வயதில், ஒரு பனிப்படிகத்தைப் படமெடுத்தார். கருநிறப் பலகையை வானத்தின்கீழ் நீட்டி விழும் பனியைப் பிடிப்பார். நல்ல படிகத்தை மெல்லிய குச்சியால் எடுத்து, சூடேற்றாத கொட்டிலில், மூச்சுக்காற்றுப் பட்டால்கூட உருகிவிடும் என்று மூச்சை அடக்கிக்கொண்டு கண்ணாடியில் வைப்பார். வாழ்நாளில் 5,000-க்கும் மேற்பட்ட படிகங்களைப் பதிவு செய்தார். ஊரார் அவரை விந்தை மனிதராகக் கருதினர். பனி சும்மா கிடைக்கும் ஊரில் அதைப் படமெடுப்பவனை வேறு எப்படிக் கருதுவார்கள்? 2,400-க்கும் மேற்பட்ட படங்களைக் கொண்ட அவரது நூல் 1931-இல் வெளியாயிற்று. அவ்வாண்டே கடும் பனிப்புயலில் நடந்து வீடு திரும்பியபின் நுரையீரல் அழற்சி கண்டு, டிசம்பர் 23-ஆம் நாள் இறந்தார்.

பென்ட்லியின் படங்களில் படிகம் கரிய பின்னணியில் வெள்ளியெனத் துலங்கும். பின்னணி அப்படிக் கருமையாகப் பதிவதில்லை. நெகட்டிவில் படிகத்தைச் சுற்றியுள்ள பூச்சை அவரே கத்தியால் சுரண்டி எடுப்பார். செருமானிய அறிஞர் ஹெல்மன் இதைக் கண்டித்தார். ஓரத்தைச் சுரண்டும் கை உருவத்தையும் திருத்திவிடாதா என்பது அவர் ஐயம். முழுமையான ஆறுமுனைப் படிகங்களையே தேடித் தேர்ந்ததால், பனியில் பெரும்பான்மையான சிதைந்த துகள்கள் பென்ட்லியின் தொகுப்பில் குறைவு என்பதும் உண்மையே. பஞ்சுக்குப் பதிலாகக் காகிதத்தில் நாம் வெட்டித் தொங்கவிடும் ஆறுமுனைப் பனிப்பூவும் இவ்வாறு தேர்ந்தெடுத்த அழகின் வழித்தோன்றலே. பென்ட்லி பொய்யர் அல்லர். ஆயினும் அழகுக்கும் உண்மைக்கும் இடையே ஒரு சுரண்டுகத்தி இருந்தது.

இந்தச் சிக்கல் தென்துருவத்தில் மேலும் கூர்மையாயிற்று. கேப்டன் ஸ்காட்டின் 1910-ஆம் ஆண்டுப் பயணத்தில் உடன் சென்ற ஹெர்பர்ட் பான்டிங், தம்மைக் 'காமிராக் கலைஞர்' என்று அழைத்துக்கொள்வதில் பெருமை கொண்டவர். 1911 ஜனவரியில், ஒரு பனிப்பாறையின் உட்குகையிலிருந்து, குகைவாயில் வழியே தொலைவில் நிற்கும் 'டெரா நோவா' கப்பலைப் படமெடுத்தார். காற்றும் அலையும் செதுக்கிய அந்தப் பனிச்சிற்பத்தின் வாயிலில் இருவரை நிற்கவைத்தார். அவர்கள் எறும்புபோல் தெரிவதால்தான் குகையின் பருமன் விளங்குகிறது. துருவக் குளிரில் வெற்றுத் தோல் உலோகத்தில் பட்டால் ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை அவர் நாக்கு நுனி காமிராவின் உலோகப் பகுதியில் பட்டு ஒட்டிக்கொண்டது; தோலை இழந்துதான் விடுவித்துக்கொண்டார். வெதுவெதுப்பான குடிலுக்குள் காமிராவைக் கொண்டுவந்தால் அதன்மேல் ஈரம் படிந்து உறைந்துவிடும் என்பதால் அதை வெளியிலேயே வைத்துப் பழகினார்.

பான்டிங் துருவம்வரை செல்லவில்லை. செல்வோர்க்குப் படமெடுக்கக் கற்றுக்கொடுத்தார். அவ்வாறு கற்றவருள் ஒருவர் ஹென்றி பவர்ஸ். அரசு இந்தியக் கடற்படைப் பிரிவில் பணியாற்றிய, குள்ளமான, 28 வயது இளைஞர். 1912 ஜனவரி 17-இல் ஸ்காட்டும் நால்வரும் தென்துருவத்தை அடைந்தனர். அமுன்ட்சென் ஒரு மாதத்துக்கு முன்பே, 1911 டிசம்பர் 14-இல், வந்து சென்றுவிட்டார் என்பதை அவர் விட்டுச்சென்ற கூடாரம் சொல்லிற்று. ஐவரும் ஒரு படம் எடுத்துக்கொண்டனர். பவர்ஸ் கையிலிருந்த நூலை இழுக்க, காமிரா திறந்து மூடிற்று. திரும்பும் வழியில் ஐவரும் மாண்டனர். 1912 நவம்பர் 12-இல் தேடிச் சென்றவர்கள் கூடாரத்தைக் கண்டபோது, உடல்களோடு அந்தப் படச்சுருளும் கிடைத்தது. எட்டு மாதங்கள் பனியில் கிடந்த சுருளைக் கழுவியபோது ஐந்து முகங்களும் தெளிவாக எழுந்தன. பான்டிங்கின் குகைப்படத்தில் உள்ள அமைப்பழகு இதில் ஏதுமில்லை. கண்கள் வீங்கி, உதடு வெடித்து, தோற்றுப்போன ஐவர் நேராக நம்மைப் பார்க்கிறார்கள். பனிப்படங்கள் அனைத்திலும் இதைவிட நேர்மையானதொன்றை நான் கண்டதில்லை.

அடுத்து வந்தவர் சிட்னி நகரத்து ஃபிராங்க் ஹர்லி. ஷாக்கிள்டனின் 'எண்டியூரன்ஸ்' கப்பல் 1915 ஜனவரியில் வெடல் கடலின் பனியில் சிக்கிக்கொண்டது. மாதங்கள் கடந்தன; கதிரவன் மறைந்தான். ஆகஸ்டு 27-ஆம் நாள் இருளில், ஹர்லி கப்பலைச் சுற்றிப் பனிமேடுகளுக்குப் பின்னே இருபது மின்னல்வெடிகளை வைத்து எரித்து, கயிறுகளில் எல்லாம் உறைபனி பூத்த கப்பலை ஓர் ஆவிபோலப் படமெடுத்தார். அக்டோபர் 27-இல் பனியின் நெருக்கலில் கப்பல் நொறுங்க, அனைவரும் பனிப்பரப்பில் இறங்கினர். நெகட்டிவ்கள் கப்பலுக்குள்ளேயே இருந்தன. அவற்றை வைத்த பகுதி நீரில் மூழ்கியிருந்தது. சில நாள்களுக்குப் பின் ஹர்லி திரும்பிச் சென்று, சுவரை வெட்டித் திறந்து, ஆடை களைந்து, பனிக்கட்டிக் கூழில் மூழ்கி, பற்றவைத்து மூடிய தகரப் பெட்டிகளை மீட்டார்.

மீட்டதோடு முடியவில்லை. இனிச் செல்ல வேண்டியது படகுகளில். உணவுக்கே இடம் போதாது. நவம்பர் 9-ஆம் நாள், பனித்தரையில் ஹர்லியும் ஷாக்கிள்டனும் எதிரெதிரே அமர்ந்து தகடுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தனர். வைத்துக்கொள்ள முடிந்தவை ஏறத்தாழ 120. எஞ்சிய 400 தகடுகளை ஹர்லி அங்கேயே உடைத்தார். பின்னர் மனம் மாறித் திரும்பி எடுத்துவிடக் கூடாதே என்பதற்காக உடைத்தாராம். பெரிய காமிராவும் கைவிடப்பட்டது. சட்டைப்பை அளவுள்ள ஒரு கோடாக்கும் மூன்று படச்சுருள்களுமே மிஞ்சின. அவர் வைத்துக்கொண்டவற்றை நாம் போற்றுகிறோம். உடைத்தவற்றில் என்ன இருந்தது என்பதை அந்தப் பனி மட்டுமே அறியும்.

ஷாக்கிள்டன் ஐவரோடு 'ஜேம்ஸ் கேர்டு' என்னும் சிறு படகில் உதவி தேடிச் சென்றார். ஹர்லி உள்ளிட்ட 22 பேர் எலிஃபண்ட் தீவில் காத்திருந்தனர். 1916 ஆகஸ்டு 30-ஆம் நாள் சிலி நாட்டுக் கப்பலொன்று வந்து அவர்களை மீட்டது, ஒருவரும் சாகவில்லை. இவ்வளவு பெரிய உண்மை கையிலிருந்தும், ஹர்லி அதனோடு நிறைவடையவில்லை என்பது வருத்தத்துக்குரியது. கரையில் நிற்போர் கையசைக்கும் புகழ்பெற்ற 'மீட்புப் படம்' உண்மையில் ஏப்ரல் 24-இல் 'ஜேம்ஸ் கேர்டு' புறப்பட்டபோது எடுத்தது. அதில் சிலவற்றை அழித்து, சிலவற்றைத் தீட்டி, மீட்பாக மாற்றினார். வழியனுப்புதலை வரவேற்பாக்கினார். பொய்யே இல்லாத ஒரு வீரக்கதையில் இந்த ஒரு பொய் முள்ளாகத் தைக்கிறது. 2022 மார்ச் 5-ஆம் நாள், வெடல் கடலில் 3,008 மீட்டர் ஆழத்தில் 'எண்டியூரன்ஸ்' கண்டுபிடிக்கப்பட்டது. பின்புறத்தில் கப்பலின் பெயர் அழியாமல் இருந்தது. ஹர்லியின் 120 தகடுகளில் கண்ட அதே கப்பல்தான் அது என்பதை உலகம் ஒரு பார்வையில் கண்டுகொண்டது.

படம் நேர்மையாக இருக்க வேண்டும் என்று இவ்வளவு வற்புறுத்துவது ஏன் என்று சிலர் கேட்கலாம். அழகுக்காக எடுத்தவைதானே, சற்றுத் தீட்டினால் என்ன? இக்கேள்விக்குக் காலமே விடை தந்துவிட்டது. அழகுக்காக எடுத்த பழைய பனிப்படங்கள் இன்று சாட்சிக் கூண்டில் நிற்கின்றன. 1921-இல் எவரெஸ்ட்டை ஆராயச் சென்ற ஜார்ஜ் மாலரி, நிழற்படக் கலையில் வல்லவரல்லர். தகடுகளைப் பின்முன்னாகச் செருகி, எடுத்த பல படங்களை வீணாக்கி, மலையேறித் திரும்பவும் எடுக்க வேண்டியதாயிற்று. அவருடைய படங்களுள் ஒன்று ரோங்புக் பனியாற்றைக் காட்டுவது. டேவிட் பிரீஷர்ஸ் என்னும் அமெரிக்க மலையேறி 2007-இல் அதே இடத்தைத் தேடிப்பிடித்து, அதே கோணத்தில் படமெடுத்தார். இரண்டையும் அருகருகே வைத்தால் பின்னணியில் எவரெஸ்ட் அசையாமல் நிற்கிறது. முன்னே கோபுரங்கள்போல் நின்ற பனித்திரள் உருகித் தாழ்ந்து, கல்லும் மண்ணும் தெரிகின்றன. போர்ன் படமெடுத்த கோமுகத்திலும் இதுவே நிலை. 1935 முதல் அளக்கப்பட்டுவரும் அப்பனியாற்றின் முகப்பு ஒரு கிலோமீட்டருக்கும் மேலாகப் பின்வாங்கிவிட்டது.

சாட்சி என்றால் எல்லா இடத்திலும் ஒரே வாக்குமூலம் தராது என்பதையும் சொல்ல வேண்டும். 2009-இல் ஃபாபியானோ வென்துரா என்னும் இத்தாலியர் செல்லாவின் காமிரா நின்ற காரகோரம் இடங்களுக்குச் சென்று அக்காட்சிகளை மீண்டும் எடுத்தார். நூறாண்டுகளுக்குப் பின்னும் பால்டோரோ பனியாறு பெரிதும் அவ்வாறே இருந்தது. காரகோரம் பனியாறுகள் பல பிறவற்றைப்போல் சுருங்காதிருந்தமை அறிஞர்களை நெடுங்காலம் வியக்கவைத்தது. அண்மை ஆண்டுகளில் அங்கும் நிலை தளர்வதாக அளவைகள் காட்டுகின்றன. எதிர்பார்த்ததைச் சொல்லாத படத்தையும் வெளியிடுவதுதான் நேர்மை. செல்லாவின் தகடுகள் சுரண்டப்படாமலும் தீட்டப்படாமலும் இருந்ததாலேயே இந்த ஒப்பீடு இயன்றது.

பனியாறு என்பது ஆல்ப்ஸ் மக்களுக்கு நெடுங்காலம் பகையாகவே இருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் அவை வளர்ந்து வயல்களையும் வீடுகளையும் விழுங்க வந்தன. மோன் பிளாங் அடியிலுள்ள ஷாமொனி மக்கள் வேண்டிக்கொள்ள, 1644-இல் புனித பிரான்சிஸ் சலேசியாரின் உறவினரான ஆயர் சார்ல் டி சலே பவனியாகச் சென்று, நெருங்கி வந்த பனிமுகப்பின் எதிரே மன்றாடி மந்திரித்தார். சுவிட்சர்லாந்தில் அலெட்ச் பனியாற்றின் அருகிலுள்ள ஃபீஷ், ஃபீஷர்ட்டால் ஊர்மக்கள், பனியாறு வளர்வதும் அதன் ஏரி உடைந்து வெள்ளம் வருவதும் நிற்க வேண்டும் என்று 1678-இல் நேர்ச்சை செய்தனர். புனித இஞ்ஞாசியார் விழாவான ஜூலை 31-இல் பவனி செல்வது வழக்கமாயிற்று. தலைமுறை தலைமுறையாக அவர்கள் வேண்டியது கிடைத்தது. கிடைத்ததன் அளவு அவர்களையே அச்சுறுத்தும்வரை கிடைத்தது. 2009-இல் அவ்வூரார் உரோமைக்கு விண்ணப்பித்தனர். மறு ஆண்டு, 16-ஆம் ஆசீர்வாதப்பரின் காலத்தில், இசைவு வந்தது. பனி வளராதிருக்க வேண்டிய அதே பவனியில் இப்போது பனி குறையாதிருக்க மன்றாடுகின்றனர். மூன்று நூற்றாண்டு வேண்டுதலைத் திருப்பி அமைக்கத் துணிந்த அம்மக்களுக்கு, தங்கள் பாட்டனார் காலத்துப் பனிப்படங்கள் கண்முன் இருந்தன.

1644-இல் மந்திரிக்கப்பட்ட பனியாறுதான் இன்று 'பனிக்கடல்' என்னும் பொருளில் மேர் டு கிளாஸ் எனப்படுவது. பிசோன் சகோதரர்கள் அதையும் படமெடுத்தனர். அப்படங்களில் பனி பள்ளத்தாக்கை நிறைத்து நிற்கிறது. மேலே மோன்ட்டன்வேர் நிலையத்துக்கு 1909 முதல் மலைரயில் ஓடுகிறது. பனியாற்றுக்குள் ஆண்டுதோறும் ஒரு குகையைக் குடைகின்றனர். நாற்காலியும் மேசையும் உருவங்களும் பனிக்கட்டியிலேயே செதுக்கப்படுகின்றன. நீல ஒளியில் மின்னும் அவற்றைப் படமெடுக்கவே பயணிகள் வருகின்றனர். பனியாறு நகர்ந்துகொண்டே இருப்பதால் பழைய குகை சிதைய, புதியது குடைய வேண்டும். 1988-இல் கம்பிவண்டியை விட்டு இறங்கி மூன்றே படிகளில் குகைக்குள் நுழையலாம் என்றிருந்தது. பனி தாழத் தாழப் படிகள் கூட்டப்பட்டன. 2021-க்குள் அவை ஐந்நூற்றுக்கும் மேலாயின. 2024-இல் இன்னும் மேலே, பனி எஞ்சியுள்ள பக்கத்துக்குப் புதிய கம்பிவண்டி அமைக்கப்பட்டது. இறங்கும் வழியின் பாறைச் சுவரில் சிறு பலகைகள் உள்ளன. எந்த ஆண்டில் பனி எந்த மட்டத்தில் நின்றது என்று அவற்றில் எழுதியிருக்கிறது. குகையிலுள்ள சிற்பங்களை எடுத்த கையோடு, மூச்சு வாங்க ஏறும்போது, பயணிகள் அந்தப் பலகைகளின் அருகிலும் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர்.